மூலை ஏழு பாத்தி

முத்தம்மாவைப் பற்றிக் கேட்டால், "பாவம், தங்கமான மனுஷி" என்று இன்று எங்கள் சித்தாபுரத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே, காசா பணமா! சொல்ல வேண்டிய அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தவள் நான் ஒருத்திதான். என்னத்துக்குத் திறந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் யசோதா. முத்தம்மா எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரர் நாராயணசாமிக்கு அண்ணன் கோவிந்தப்பா; அவருடைய மனைவி அவள். லால்பாக் சுவருக்குப் பின்னால் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பூந்தோட்டம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே கிணறு. வெள்ளைக்காரன் போன வருஷம் ஆவணியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்தேன். முத்தம்மா அதற்கு முன்பே பன்னிரண்டு வருஷம் அங்கே குப்பை கொட்டியிருந்தாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் அந்த நினைப்பு இருந்துகொண்டேதான் இருந்தது.

என் மூத்த மகள் பிறந்தபோது எனக்குப் பால்சுரம் கண்டது. பதினெட்டு நாள் என் துணியை அலசிப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, எனக்குக் கஞ்சி ஊட்டியவள் முத்தம்மாதான். முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைக் கேட்டுவிட்டு, 'அவளும் உன்னை ஏதாவது செய்திருப்பாள்' என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

தோட்டத்தில் மல்லிகை, கனகாம்பரம், ரோஜா எல்லாம் உண்டு. ஆனாலும் எங்கள் பெயரை மார்க்கெட்டில் நிறுத்தியது சாமந்திதான். மஞ்சள் சாமந்தி, உள்ளங்கை அகலம். அது முத்தம்மாவின் கைவேலை. சாமந்திக்கு நுனி கிள்ளுவது பெரிய வேலை. கன்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளை வெடிக்கும். அந்தக் கிளையின் நுனியையும் கிள்ளினால் செடி குடைபோல் விரியும். கிள்ளுவது யாருக்கும் வரும். எந்த நாளோடு நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம். நாள் தப்பிக் கிள்ளினால் வருகிற மொட்டும் போய்விடும்.

முத்தம்மா காலண்டர் பார்க்க மாட்டாள். ஆடி கழிந்ததும் தினமும் சாயங்காலம் கிணற்று மேட்டில் நின்று மேற்கே பார்ப்பாள். ஒருநாள் கையைத் தட்டிக்கொண்டு இறங்கி வருவாள்.

"போதும் யசோதா. பொழுது குறுகிக்கினு வருது. இனிமே நுனியில கைய வெக்காதே. செடி மொட்டுக்குத் தயாராவுது."

"செடிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமா அக்கா?" என்று நான் கேலி செய்வேன்.

"பஞ்சாங்கம் எதுக்குடி அதுக்கு? இருட்டு நீண்டுக்கினே வருதுல்ல, அது போதும். சாமந்திக்கு நீள ராத்திரி வேணும். அது இல்லாம பூக்காது."

நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். அவள் நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து இரண்டு மாதத்தில், தீபாவளிக்குச் சரியாக, தோட்டம் மஞ்சளாகும். ஒரு வருஷமும் தப்பியதில்லை.

எங்கள் தோட்டத்தின் கிழக்கு மூலையை ஒட்டி ஒரு சந்து. பொழுது சாய்ந்தால் கும்மிருட்டு. ஐம்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், பூக்கூடையை இறக்கிவிட்டு வரும்போது அங்கே சாக்கடையில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பத்து நாள் படுக்கை. பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊரெல்லாம் லைட்டு எரியுது. நம்ம சந்துல மட்டும் இன்னாத்துக்கு இருட்டு? பேய்க்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களா? போய்க் கேளுங்க!"

அவர் பாவம், சாது. கார்ப்பரேஷன் மெம்பர் வீட்டுக்கு நடையாய் நடந்து, ஒருவழியாக ஆனி மாதம் கம்பம் நட்டார்கள். சரியாக எங்கள் வேலியை ஒட்டி, மூலைப் பாத்திகளுக்கு நேர் மேலே. தகரக் குடைக்குக் கீழே பெரிய பல்பு. முதல் நாள் விளக்கு எரிந்தபோது நான் சந்து முழுக்கப் பொரியும் வெல்லமும் கொடுத்தேன். என் விளக்கு என்று ஒரு கர்வம். அக்கம்பக்கத்துப் பெண்கள் சாயங்காலம் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். முத்தம்மாவும் உட்கார்ந்து கட்டினாள். "உன் புண்ணியம் யசோதா, கண்ணு நோவாம கட்டறோம்" என்றாள்.

அந்த ஐப்பசியில் தோட்டம் பூத்தது. மூலையில் ஏழு பாத்தி மட்டும் பூக்கவில்லை. செடி வாடியிருந்தால் நோய் என்று சொல்லலாம். அதெல்லாம் இல்லை; இடுப்புயரம் வளர்ந்து, இலை கறுகறுவென்று கொழுத்து நிற்கிறது. ஒரு மொட்டு இல்லை. உரம் கூடிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். கன்று வேறு சாதி என்றார் என் மூத்தார் கோவிந்தப்பா. சரி என்று அடுத்த வருஷம் நன்றாகப் பூத்த பாத்தியிலிருந்தே கன்று பிரித்து நட்டோம், உரத்தையும் குறைத்தோம். ஐம்பத்து நாலு ஐப்பசியிலும் அதே கதை. சுற்றிலும் மஞ்சள், மூலையில் பச்சை.

ஒருநாள் சாயங்காலம் முத்தம்மா என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். விளக்கு வெளிச்சம் மங்கி முடிகிற இடத்தில் இருந்த ஒரு செடியைக் காட்டினாள்.

"இதப் பாரு. இந்தப் பக்கம் நெழல்ல இருக்கிற கிளையில நாலு மொட்டு. லைட்டுப் பக்கம் ஒண்ணும் இல்லை. வெளிச்சம் எது வரைக்கும் விழுதோ அது வரைக்கும்தான் பூக்கலை. நான் நாலு நாளா நடந்து நடந்து பார்த்துட்டேன். ராத்திரி பூரா லைட்டு எரியறதால இதுங்களுக்கு இன்னும் கோடை நாளுன்னு நெனைப்பு. பொழுது குறுகினது தெரியவே இல்லை. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, ஆவணி புரட்டாசி ரெண்டே மாசம் இதை அணைச்சு வெக்கச் சொல்லி கார்ப்பரேஷன்ல கேக்கட்டும்."

இப்போது நினைத்தால் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்! எனக்கோ தலைக்கு ஏறிவிட்டது. பேச்சில் வேறெதுவும் காதில் விழவில்லை; என் விளக்கை அணைக்கச் சொல்கிறாள் என்பது மட்டும்தான் விழுந்தது.

"ஓகோ! நான் கேட்டு லைட்டு வந்தது உங்களுக்குக் கண்ணை உறுத்துதா? செடி தூங்கலையாம், பாய் போட்டுத் தாலாட்டுப் பாடணுமாம்! நான் மறுபடியும் சாக்கடையில விழுவணும், அதானே?"

"அப்படி இல்லடி..." என்று அவள் தொடங்குவதற்குள் நான் வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

எங்கள் தோட்டங்களில் அப்போது ஒரு கட்டு இருந்தது. வீட்டுக்கு விலக்கான மூன்று நாளும் பெண்கள் பூப்பாத்தி வரப்பை மிதிக்கக் கூடாது, மிதித்தால் மொட்டு வராது என்பார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வேண்டும். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களுக்கு அடுத்தவளுடைய நாள் தெரியாமல் இருக்குமா? அந்த ஆவணியிலிருந்து முத்தம்மா ஒரு தடவைகூடக் கொட்டகையில் உட்காரவில்லை என்பதை நான் பார்த்து வைத்திருந்தேன். சும்மா கிடந்த அந்த விஷயத்தை, அன்றைக்குக் கோபத்தில் கையில் எடுத்தேன்.

அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முத்தம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மூலைப் பாத்தி ஏன் பூக்கலைன்னு தலையைப் பிச்சுக்கறீங்களே மாமா, அக்காவைக் கேளுங்க," என்றேன். "ஆவணியில அங்க நுனி கிள்ளினது யாரு? ஆவணியில இருந்து கொட்டாய்ப் பக்கம் உட்காராதது யாரு? தன்மேல தப்ப வெச்சுக்கினு லைட்டு மேல பழி போடறாங்க."

மூத்தார் கையைத் தட்டில் வைத்தபடி நிமிர்ந்தார். கோபக்காரர் இல்லை அவர். ஆனால் தோட்டம் அவருக்குச் சாமி.

"இன்னா முத்தம்மா? அவ சொல்றது நெசமா? உட்காரலியா?"

"உட்காரலை."

"ஏன்?"

முத்தம்மா குழம்புச் சட்டியைப் பிடித்தபடியே நின்றாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் தலை நிமிரவில்லை.

"இனிமே தோட்டத்துல கால வெக்காதே," என்று சொல்லிவிட்டு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். எனக்கு அன்றைக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் மூன்று மாதம் முத்தம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சமையல், பாத்திரம், மாடு. பின்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியும். அவள் அந்த ஜன்னல் பக்கமே போக மாட்டாள். மூத்தாரோடும் பேச்சு குறைந்துவிட்டது. தை மாதம் அவளுடைய தம்பி அய்யாவு ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்தான். ஒரு மூட்டைத் துணியோடு அவனுடன் கிளம்பிவிட்டாள். "போயிட்டு வரேன்" என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். பத்து நாளில் திரும்புவாள் என்று மூத்தார் நினைத்தார். அவர் வந்து கூப்பிடுவார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் அசையவில்லை. அவள் விடிகாலையில் சிட்டி மார்க்கெட்டில் பூ எடுத்து, மல்லேஸ்வரம் மார்க்கெட் வாசலில் கட்டி விற்க ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

அவள் போன ஒரு மாதத்துக்கெல்லாம், எங்கள் பக்கத்து மருத்துவச்சி லட்சுமம்மா என்னை வழியில் நிறுத்தினாள்.

"ஏண்டி பாதகத்தி! முத்தம்மாவுக்கு அந்த ஆவணியோட நின்னே போச்சுடி. எங்கிட்ட வந்து அழுதா. வீட்டுல சொன்னா, இனி பிள்ளைக்கு வழியே இல்லைன்னு உன் மூத்தார் வேற ஒருத்தியைக் கட்டிக்குவாருன்னு பயந்து கெடந்தா. நீ போய் அதைச் சோத்துத் தட்டு முன்னாடி போட்டு உடைச்சியாமே!"

அப்படியானால் அவள் அந்தக் கட்டை மீறவே இல்லை. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'அப்போ மூலை ஏன் பூக்கலை? வேற ஏதோ செஞ்சிருப்பா' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஆவணிக்கு முந்தின வருஷமும் மூலை பூக்கவில்லை, அவள் போன பிறகும் பூக்கவில்லை என்பது அந்தச் சமாதானத்துக்கு இடைஞ்சல்தான். அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தேன்: தோஷம் இன்னும் கழியவில்லை. மூலையில் கோழி அறுத்துப் பொங்கல் வைத்தோம். செடி நன்றாகத் தழைத்தது. பூக்கவில்லை.

ஐம்பத்தெட்டு ஆடியில் பெரிய காற்று. சந்துக் கம்பம் முறிந்து சாக்கடையில் விழுந்தது. கார்ப்பரேஷனில் எழுதிக் கொடுத்தோம். ஆடி போய் ஆவணி போய் புரட்டாசியும் போனது, ஒருத்தரும் வரவில்லை. சந்து மறுபடியும் இருட்டு. நான் திட்டிக்கொண்டே தட்டுத்தடுமாறி நடந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் காலை கூடையோடு மூலைக்குப் போனேன். ஏழு பாத்தியும் மஞ்சள். ஒரு செடி பாக்கியில்லை. ஐந்து வருஷம் பூக்காத மூலை அது! கம்பம் இருந்த குழியில் மழைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன், பூவையும் பார்த்தேன். முத்தம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. விளக்குதான். நான் கேட்டு வாங்கிய விளக்கு.

மூத்தார் பின்னாலேயே வந்தார். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆச்சு யசோதா," என்றார். "தோஷம் கழிஞ்சிருச்சு. அவ போயி நாலு வருஷம் ஆவுது, இப்பத்தான் மண்ணு சுத்தமாச்சு." பிறகு மெதுவாக, "நான்கூட அவசரப்பட்டுட்டமோன்னு நெனச்சுக்கினு இருந்தேன்," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டீர்களா? அந்த மனுஷர் நாலு வருஷமாக அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஸ்ரீராம்புரத்துப் பக்கமிருந்து யார் வந்தாலும், "அங்க எல்லாரும் சௌக்கியமா?" என்று பொதுவாகக் கேட்பார். யாரைக் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நிமிஷம் நான், "தோஷமும் இல்லை ஒண்ணும் இல்லை மாமா, லைட்டுதான், அக்கா சொன்னது சரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு அப்போதே பஸ் ஏறியிருப்பார். நான் குனிந்து பூப்பறித்தேன்.

ஏன் சொல்லவில்லை? பல தடவை கேட்டுக்கொண்டேன். வெட்கம் ஒன்று. எல்லோரும் காறித் துப்புவார்களே என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் நாக்கூசுகிறது: அவள் போன பிறகு அந்த வீட்டில் நான்தான் பெரியவள். என்ன சமையல், யார் எங்கே நடுவது, யாருக்கு என்ன துணி, எல்லாம் என் சொல். அது எனக்குப் பிடித்துப் போயிருந்தது.

மார்கழியில் புதுக் கம்பம் வந்துவிட்டது. அடுத்த வைகாசியில், "மூலையில கனகாம்பரம் போடலாம், அதுக்கு நல்ல மண்ணு" என்று நானே யோசனை சொன்னேன். போட்டோம். கனகாம்பரத்துக்கு விளக்கு ஒரு பொருட்டே இல்லை. அது பாட்டுக்குப் பூத்தது. அதோடு அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை!

அறுபதாம் வருஷம் ஆவணியில் ரிச்மண்ட் டவுன் பங்களா ஒன்றில் கல்யாணத்துக்குப் பூ கொடுக்கப் போனேன். வராந்தா முழுக்கத் தொட்டியில் சாமந்தி பூத்திருந்தது. ஆவணியில் சாமந்தியா! தோட்டக்காரர் ரெமிஜியஸைக் கேட்டேன்.

"ரெண்டு மாசமா சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கறுப்புத் துணி போட்டு மூடிடுவேம்மா. காலையில எட்டு மணிக்குத்தான் எடுக்கறது. பொழுது குறுகிடுச்சுன்னு செடி ஏமாந்து பூத்துடும். நடுவுல ஒரு நாலு நாள் வெளிச்சம் பட்டா அவ்வளவுதான், மொட்டு நின்னுரும்," என்றார்.

கொஞ்சம் மிச்சமிருந்த சமாதானமும் அன்றைக்குப் போய்விட்டது. அப்படியும் இரண்டு வருஷம் ஓட்டினேன். இந்தப் பொங்கலுக்குச் சொல்லலாம், அடுத்த ஆடிக்குச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன்.

அறுபத்திரண்டு கார்த்திகையில் மூத்தார் மார்வலி என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முத்தம்மா தம்பியோடு வந்தாள். காலடியில் உட்கார்ந்தாள், சத்தம் போட்டு அழவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் அப்படித்தான் வந்து போனாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற வேண்டும்?

ஸ்ரீராம்புரத்துக்குப் போனேன். ஒடுங்கிய சந்தில் ஓட்டு வீடு. வாசலில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. "வா யசோதா" என்று மணையை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"அக்கா, லைட்டுதான். நீங்க சொன்னது சரி. கம்பம் விழுந்த வருஷம் மூலை பூரா பூத்துச்சு. நான் பார்த்தேன். மாமா, நீங்க போனதாலதான் பூத்துச்சுன்னாரு. நான் கேட்டுக்கினு சும்மா இருந்தேன். நான் பாவி அக்கா."

அவள் கை நிற்கவில்லை. நாரில் இரண்டு பூ வைத்து முடிச்சுப் போட்டாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படி அக்கா?"

"அந்த ஐப்பசியில மார்க்கெட்டுக்கு உங்க கூடை மூணு கூடுதலா வந்துச்சு. நம்ம சாமந்திய எனக்கு அடையாளம் தெரியாதா? கூடை தூக்கிக்கினு வந்த ஆளைக் கேட்டேன். ஆடிக் காத்துல கம்பம் விழுந்துருச்சுன்னான். புரிஞ்சுபோச்சு."

"அப்பவே வந்து மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா!" என்று அழுதேன்.

"நான்தான் ஒருவாட்டி சொன்னேனே."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் காலில் விழுந்து மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். கோபமே இல்லை. கட்டின சரத்தைச் சுருட்டி ஈரத்துணியில் வைத்தாள்.

"நீ பார்த்திருப்பேன்னு எனக்குத் தெரியும். உன் கண்ணுக்கு எது தப்பும்? யசோதாவுக்கு வாய்தான் பொல்லாதது, இதப் பார்த்துட்டு அவளால சும்மா இருக்க முடியாது, இன்னிக்கு அவரைக் கூட்டிக்கினு வருவா, நாளைக்கு வருவான்னு துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுக்கினு உட்கார்ந்திருந்தேன். பொங்கல் கழிஞ்சு மறுநாள்தான் அவுத்தேன்."